இரட்டை டிஸ்க்கில் சொந்த கர்னல்: பூட் எந்தப் படியில் நின்றது?

டிஸ்க் என்றைக்காவது ஒரு நாள் போகத்தான் போகும். அந்த நாளை நினைத்து ஒரே தரவை இரண்டு டிஸ்க்கிலும் சேர்த்து எழுதி வைக்கும் ஏற்பாடுதான் ரெய்டு-1. பேச்சுவழக்கில் மிரர் என்போம். பெர்க்லி பல்கலைக்கழகத்தின் டேவிட் பாட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூவரும் 1988-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையிலிருந்து ரெய்டு என்ற பெயர் உலகெங்கும் பரவியது. லினக்ஸில் இந்த வேலையைக் கர்னலுக்குள் (இயங்குதளத்தின் மையக் கருவுக்குள்) இருக்கும் எம்டி டிரைவர் பார்த்துக்கொள்கிறது. நாம் வெளியிலிருந்து எம்டிஆட்ம் என்ற கட்டளையால் அதைக் கட்டி மேய்க்கிறோம்.

டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் விநியோகங்களை நிறுவும்போதே மிரர் போட்டுவிட்டால் பொதுவாகத் தொல்லை இல்லை. தொல்லை தொடங்குவது கர்னலை நாமே மூலநிரலிலிருந்து கம்பைல் செய்து அதில் பூட் செய்யும்போதுதான். அதே டிஸ்க், அதே மிரர், பழைய கர்னலில் கம்பீரமாக எழுந்து நிற்கிறது. புது கர்னலிலோ கறுப்புத் திரையில் நாலு வரி ஆங்கிலம், அதற்கு மேல் அசைவில்லை. தரவு போய்விட்டதோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். பெரும்பாலும் போயிருக்காது. ஏன் என்று புரிய, பூட் ஆகும்போது யாருக்கு எப்போது என்ன தெரியும் என்பதைப் பார்க்க வேண்டும்.

இங்கே பேசுவது மென்பொருள் ரெய்டைப் பற்றி மட்டும். தனி ரெய்டு கார்டு வைத்திருப்பவர்களுக்குக் கார்டே இரண்டு டிஸ்க்கையும் ஒன்றாக்கிக் காட்டிவிடும்; அவர்கள் அந்தக் கார்டின் டிரைவர் கர்னலில் இருக்கிறதா என்று பார்த்தால் பாதி வேலை முடிந்தது.

பவர் பட்டனை அழுத்தும்போது மிரர் கிடையாது

பவர் பட்டனை அழுத்தும் அந்த நேரத்தில் மிரர் என்று எதுவும் இல்லை. இரண்டு தனித்தனி டிஸ்க்குகள் இருக்கின்றன, அவ்வளவுதான். இரண்டும் ஒரு ஜோடி என்ற விவரம் இரண்டிலும் ஒரு சிறு குறிப்பாக எழுதப்பட்டிருக்கிறது. அதை சூப்பர்பிளாக் என்பார்கள். அந்தக் குறிப்பைப் படித்து இரண்டையும் சேர்க்க ஓர் ஆள் வரும்வரை மிரர் பிறக்கவில்லை.

முதலில் விழிப்பது மதர்போர்டின் ஃபர்ம்வேர். பழைய பயாஸ் என்றால் ஒரு டிஸ்க்கின் முதல் செக்டரை எடுத்து ஓட்டும். யூஇஎஃப்ஐ என்றால் ஃபேட் வடிவப் பார்ட்டிஷன் ஒன்றைத் தேடி அதிலுள்ள பூட்லோடரை, அதாவது கர்னலைத் தூக்கிக் கொடுக்கும் சிறு நிரலை, ஓட்டும். லினக்ஸ் ரெய்டு என்றால் என்னவென்று இரண்டுக்கும் தெரியாது.

அடுத்து அந்தப் பூட்லோடர், லினக்ஸில் பெரும்பாலும் கிரப். இதற்கு மிரர் ஓரளவு தெரியும். எம்டிரெய்டு1எக்ஸ் என்ற தன் சொந்த மாட்யூலை வைத்து இரண்டு டிஸ்க்கையும் பார்த்து, கர்னல் கோப்பையும் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பையும் (இது என்னவென்று சற்றுக் கீழே) படித்து நினைவகத்தில் வைத்துவிட்டு ஒதுங்கிவிடும்.

பலர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். கிரப் மிரரைப் படித்துத்தானே கர்னலைத் தூக்கிக் கொடுத்தது, பிறகு கர்னலுக்கு ஏன் மிரர் தெரியவில்லை என்று கேட்பார்கள். கிரப் கற்றதெல்லாம் கிரப்போடு போய்விடுகிறது. கர்னல் வெறுங்கையோடு தொடங்குகிறது. டிஸ்க்கை இணைக்கும் சாட்டா கன்ட்ரோலர் எது, அதில் டிஸ்க் என்ன, டிஸ்க்கில் பார்ட்டிஷன் என்ன, அதில் ரெய்டு குறிப்பு உண்டா என்று ஒவ்வொன்றையும் தானே கண்டுபிடித்தாக வேண்டும். ஒவ்வொரு படிக்கும் ஒரு டிரைவர் தேவை.

டிரைவர்கள் எங்கே இருக்கின்றன? விநியோகக் கர்னல்களில் பெரும்பாலானவை தனித்தனி மாட்யூல் கோப்புகளாக, முழு அமைப்பும் குடியிருக்கும் ரூட் பார்ட்டிஷனில் கிடக்கின்றன. ரூட் பார்ட்டிஷனோ மிரருக்குள். மிரரைத் திறக்க ரெய்டு மாட்யூல் வேண்டும். அந்த மாட்யூல் மிரருக்குள்ளேயே இருக்கிறது. பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிய கதைதான். இந்தச் சிக்கலை அவிழ்க்கத்தான் இனிட்ராம்எஃப்எஸ்: தேவையான மாட்யூல்கள், எம்டிஆட்ம் கருவி, அதன் அமைப்புக் கோப்பு எல்லாவற்றையும் சுருக்கிக் கட்டிய ஒரு சின்ன மூட்டை. கிரப் இதைக் கர்னலோடு சேர்த்தே நினைவகத்தில் வைத்துவிடுவதால் டிஸ்க்கைத் தொடாமலேயே கர்னலால் அதைப் பயன்படுத்த முடிகிறது.

சொந்த கர்னல் கட்டியவர் இந்த மூட்டையைக் கட்டாமல் விட்டிருப்பார், அல்லது தவறாகக் கட்டியிருப்பார். நான் பார்த்தவரை பாதிக்கு மேல் கோளாறுகள் இந்த இரண்டில் ஒன்றில் அடங்கிவிடுகின்றன.

திரையைப் பேச வையுங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன் கணினி என்ன சொல்ல வருகிறது என்று கேளுங்கள். கிரப் மெனுவில் அந்தக் கர்னலின் மேல் நின்று 'இ' விசையை அழுத்தினால் உள்ளிருக்கும் வரிகள் திறக்கும். லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் 'கொயட்', 'ஸ்பிளாஷ்' என்ற சொற்கள் இருந்தால் அழித்துவிட்டு எஃப்10 அழுத்துங்கள். இந்த மாற்றம் அந்த ஒரு பூட்டுக்கு மட்டும். இப்போது வரிகள் ஓடும். நின்ற இடத்தைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி வரியை மட்டுமல்ல, அதற்கு மேலே உள்ள இருபது வரிகளையும் சேர்த்து எடுங்கள். காரணம் மேலேதான் இருக்கும். கடைசி வரியில் இருப்பது வெறும் ஒப்பாரி.

கிரப் மெனுவே வராமல் 'கிரப் ரெஸ்க்யூ' என்ற ஒற்றை வரியில் நின்றால் கர்னலைக் குறை சொல்ல வேண்டாம். அது இன்னும் மேடைக்கே வரவில்லை. மெனுவில் தேர்ந்தெடுத்த உடனே 'பேட் ஷிம் சிக்னேச்சர்' என்று வந்தால் செக்யூர் பூட் (கையொப்பமில்லாத கர்னலை ஓட்ட மறுக்கும் பாதுகாப்பு) இயங்குகிறது, நீங்கள் கட்டிய கர்னலுக்கு அது ஏற்கும் கையொப்பம் இல்லை என்று பொருள். அதை அணைக்க வேண்டும் அல்லது கர்னலுக்குக் கையொப்பம் இட வேண்டும். ரெய்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

கர்னல் பேனிக் வரியில் உள்ள இரண்டு எண்கள்

மேலே போக வழியில்லாமல் கர்னல் நின்றுவிடுவதைப் பேனிக் என்பார்கள். அப்போது அதிகம் பேர் பார்க்கும் வரி இது: 'விஎஃப்எஸ்: அனேபிள் டு மவுண்ட் ரூட் எஃப்எஸ் ஆன் அன்னோன் பிளாக் (0,0)'. ரூட் கோப்பமைப்பை ஏற்ற முடியவில்லை என்கிறது கர்னல். கடைசியில் உள்ள அந்த இரண்டு எண்களைத்தான் கவனிக்க வேண்டும்.

முதல் எண், சாதனம் எந்த டிரைவரின் கையில் இருக்கிறது என்பதைச் சொல்லும். 8 என்றால் சாட்டா, ஸ்கசி வகை டிஸ்க். 9 என்றால் எம்டி, அதாவது மிரர். 259 என்றால் பெரும்பாலும் என்விஎம்இ வகை டிஸ்க். (0,0) என்றால் நீங்கள் ரூட் என்று சொன்ன சாதனத்தைக் கர்னல் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. (9,0) என்றால் எம்டி டிரைவர் இருக்கிறது, எம்டி0 என்ற பெயரும் தெரிந்திருக்கிறது. ஆனால் மிரரின் உறுப்புகள் கூடவில்லை, அல்லது கூடியபின் உள்ளே இருக்கும் கோப்பமைப்பைப் படிக்கத் தெரியவில்லை. ஒரே மாதிரி தெரியும் இரண்டு பேனிக்குகளுக்கு மருந்து முற்றிலும் வேறு.

(0,0) வந்தால் அதற்குச் சற்று மேலே 'ஹியர் ஆர் தி அவைலபிள் பார்ட்டிஷன்ஸ்' என்ற வரியைத் தேடுங்கள். அதன் கீழே கர்னலுக்குத் தெரிந்த டிஸ்க்குகளின் பட்டியல் இருக்கும். பட்டியல் காலியாக இருந்தால் டிஸ்க் டிரைவரே இல்லை. டிஸ்க்கும் பார்ட்டிஷன்களும் பட்டியலில் இருந்து மிரர் மட்டும் இல்லாவிட்டால் எம்டி டிரைவரோ, அதைத் திரட்டும் ஆளோ இல்லை.

டிஸ்க் டிரைவர் என்றால் புதியவர்கள் சாட்டா கன்ட்ரோலருக்கான ஏஹெச்சிஐ ஒன்றைப் போட்டுவிட்டு நிம்மதியாகிவிடுவார்கள். லினக்ஸில் சாட்டா டிஸ்க்கும் ஸ்கசி வழியாகவே வெளியே தெரிகிறது. ஆகவே கர்னலில் என்னென்ன சேர வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் மெனுகான்ஃபிக் திரையில் 'ஏஹெச்சிஐ சாட்டா சப்போர்ட்' மட்டும் போதாது, 'ஸ்கசி டிஸ்க் சப்போர்ட்' என்பதும் வேண்டும். என்னிடம் ஸ்கசி டிஸ்க் எதுவும் இல்லையே என்று அதை எடுத்துவிட்டவர்கள் காலிப் பட்டியலைப் பார்த்து விழிப்பார்கள். ரெய்டுக்கு 'மல்டிபிள் டிவைசஸ் டிரைவர் சப்போர்ட்' பகுதிக்குள் போய் 'ரெய்டு சப்போர்ட்', அதன் கீழே 'ரெய்டு-1 மிரரிங் மோட்' இரண்டையும் இயக்க வேண்டும். பிறகு உங்கள் கோப்பமைப்பு, பெரும்பாலும் எக்ஸ்ட்4.

மெனுகான்ஃபிக்கில் ஒவ்வொன்றுக்கும் எதிரே நட்சத்திரமோ எம் எழுத்தோ இருக்கும். நட்சத்திரம் என்றால் கர்னலுக்குள்ளேயே சேர்ந்துவிடும். எம் என்றால் தனி மாட்யூல் கோப்பு. ரூட்டை எட்டத் தேவைப்படும் இந்த ஐந்தாறு டிரைவர்களுக்கும் நட்சத்திரம் போட்டுவிடுங்கள் என்பது என் கட்சி. கர்னல் கொஞ்சம் பெருக்கும். மூட்டை கட்டுவதில் ஏதாவது தவறினால் தேட வேண்டிய இடங்கள் குறையும்.

அப்படியானால் எல்லாவற்றையும் நட்சத்திரமாக்கிவிட்டு இனிட்ராம்எஃப்எஸ்ஸையே தூக்கிப்போடலாமா? இங்கேதான் ஒரு பழைய வழக்கம் ஏமாற்றும். கர்னல் தானாகவே மிரரைக் கண்டுபிடித்துக் கூட்டும் வசதி ஒன்று உண்டு, பெயர் ஆட்டோடிடெக்ட். அது 0.90 என்ற பழைய சூப்பர்பிளாக் வடிவத்துக்கு மட்டும், அதுவும் பார்ட்டிஷன் வகை எஃப்டி என்று குறித்திருந்தால் மட்டும் வேலை செய்யும். இன்றைய எம்டிஆட்ம் இயல்பாகப் போடுவது 1.2 வடிவம். இதைக் கர்னல் தானாகக் கூட்டாது. எம்டிஆட்ம் வந்து கூட்ட வேண்டும், எம்டிஆட்ம் இருப்பது இனிட்ராம்எஃப்எஸ்ஸில். பழைய கையேடுகளைப் பார்த்து மூட்டை இல்லாமல் பூட் செய்ய முயல்பவர்கள் எல்லா டிரைவரும் இருந்தும் தோற்பது இதனால்தான்.

இன்னொரு பொறி, கிரப்பின் லினக்ஸ் வரியில் ரூட் என்பதற்கு எதிரே யூயூஐடி என்ற தனி அடையாள எண்ணைக் கொடுப்பது. கோப்பமைப்பின் யூயூஐடியைப் பார்த்துப் புரிந்துகொள்வது இனிட்ராம்எஃப்எஸ்ஸின் வேலை. தனித்து நிற்கும் கர்னலுக்குச் சாதனப் பெயரோ பார்ட்டிஷனின் சொந்த அடையாள எண்ணோதான் தெரியும். மூட்டை இல்லாமல் யூயூஐடி கொடுத்தால் (0,0) உறுதி.

மூட்டையைத் திறந்து பாருங்கள்

மூட்டை இருந்தும் பேனிக் வராமல், 'இனிட்ராம்எஃப்எஸ்' என்ற அடைப்புக்குறியோடு ஒரு சின்ன ஷெல்லில் (கட்டளை அடிக்கும் திரையில்) வந்து நின்றால் நிலைமை எவ்வளவோ மேல். கர்னல் ஓடுகிறது, மூட்டை பிரிந்துவிட்டது, ரூட் மட்டும் வரவில்லை. டெபியன் குடும்பத்தில் அதற்கு முன் 'கேவ் அப் வெயிட்டிங்' என்று தொடங்கும் வரி தெரியும். ஃபெடோரா குடும்பத்தில், அங்கே மூட்டை கட்டும் கருவியான டிராகட்டின் பெயரோடு அவசர ஷெல் வரும்.

அந்த ஷெல்லில் முதலில் ப்ராக் அடைவில் உள்ள எம்டிஸ்டாட் கோப்பை கேட் கட்டளையால் படியுங்கள். ஆரோக்கியமான மிரர் என்றால் சதுர அடைப்புக்குள் இரண்டு யூ எழுத்துகள் தெரியும். ஒரு யூவும் ஓர் அடிக்கோடும் இருந்தால் ஒரு டிஸ்க் மட்டும் ஓடுகிறது. 'இன்ஆக்டிவ்' என்று இருந்தால் உறுப்புகளைப் பார்த்துவிட்டது, ஆனால் ஓட்டவில்லை. 'பெர்சனாலிட்டீஸ்' என்ற முதல் வரிக்கு எதிரே ரெய்டு1 என்ற பெயரே இல்லாவிட்டால் மாட்யூல் மூட்டைக்குள் வரவில்லை. பெயர் இருந்து மிரர் இல்லாவிட்டால் எம்டிஆட்ம் கட்டளைக்கு அசெம்பிள், ஸ்கேன் என்ற இரண்டு விருப்பங்களையும் கொடுத்துப் பாருங்கள். மிரர் எழுந்துவிட்டால் எக்ஸிட் அடித்தால் போதும், பூட் தொடரும். பிறகு நிரந்தர மருந்தை ஆற அமரச் செய்யலாம்.

மாட்யூல் ஏன் வரவில்லை? இரண்டு காரணங்கள் எனக்கு அலுத்துப்போகுமளவு திரும்பத் திரும்பக் கண்ணில் படுகின்றன. ஒன்று, கர்னலை நிறுவும் மேக் இன்ஸ்டால் கட்டளையை முதலில் அடித்துவிட்டு, மாட்யூல்களை நிறுவும் மேக் மாட்யூல்ஸ்_இன்ஸ்டாலைப் பிறகு அடிப்பது. டெபியனில் மேக் இன்ஸ்டால் முடியும்போதே மூட்டையும் கட்டப்படுகிறது. அந்த நேரத்தில் லிப் அடைவின் கீழ் மாட்யூல்கள் இன்னும் வந்துசேரவில்லை. வெற்று மூட்டைதான் கிடைக்கும். மற்றொன்று லோக்கல்மாட்கான்ஃபிக். இப்போது நினைவகத்தில் ஏறியிருக்கும் மாட்யூல்களை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைக் கழித்துவிடும் வசதி இது. ரெய்டு இல்லாத வேறொரு கணினியில் கர்னலைக் கட்டி இங்கே கொண்டுவந்தால் ரெய்டு1 கழிந்துபோயிருக்கும்.

ரீபூட் செய்யாமலேயே இதைச் சோதிக்கலாம். டெபியனில் எல்எஸ்இனிட்ராம்எஃப்எஸ், டிராகட் உள்ள இடங்களில் எல்எஸ்இனிட்ஆர்டி. மூட்டைக்குள் இருக்கும் கோப்புகளின் பெயரைப் பட்டியலிடும். அதில் ரெய்டு1 மாட்யூல், எம்டிஆட்ம், எம்டிஆட்ம்.கான்ஃப் மூன்றையும் தேடுங்கள். ரெய்டு1-ஐ நட்சத்திரமாகப் போட்டிருந்தால் மாட்யூல் கோப்பு தெரியாது, பயப்பட வேண்டாம்.

எம்டிஆட்ம்.கான்ஃப் இல்லாமலும் மிரர் கூடிவிடுவது உண்டு. ஆனால் எம்டி0 என்ற பெயருக்குப் பதில் எம்டி127 என்று வந்து நிற்கும். அமைப்புக் கோப்பில் இல்லாத மிரர்களுக்கு 127-லிருந்து கீழ்நோக்கி எண் கொடுப்பது எம்டிஆட்மின் வழக்கம். எந்தப் பார்ட்டிஷன் எங்கே ஏற வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் எம்டி0 என்று எழுதி வைத்திருந்தால் அங்கே முட்டிக்கொள்ளும். டீடெயில், ஸ்கேன் என்ற விருப்பங்களோடு எம்டிஆட்மை ஓட்டினால் வரும் வரியை அமைப்புக் கோப்பில் சேர்த்து, மூட்டையை மறுபடி கட்டுங்கள். எஃப்எஸ்டேப்பில் யூயூஐடி எழுதிவிட்டால் பெயர் எப்படி மாறினாலும் கவலை இல்லை.

மூட்டை அளவுக்கு மீறி வீங்குவதும் உண்டு. நாமே கட்டும் கர்னலில் டீபக் தகவல் (பிழை தேட உதவும் கூடுதல் விவரம்) சேர்ந்திருந்தால் மாட்யூல்கள் கொழுத்து, இனிட்ராம்எஃப்எஸ் சில நூறு எம்பி ஆகிவிடும். கர்னல் கோப்புகளை வைக்கும் சின்ன பூட் பார்ட்டிஷன் நிரம்பி, கோப்பு அரைகுறையாக நின்றுபோகும். மாட்யூல்களை நிறுவும்போது இன்ஸ்டால்_மாட்_ஸ்ட்ரிப் என்ற மாறிக்கு 1 கொடுத்தால் அந்தக் கொழுப்பு கழிந்துவிடும்.

புதுக் கர்னல் மெனுவில் இல்லை

பேனிக்கும் இல்லை, ஷெல்லும் இல்லை. எல்லாம் ஒழுங்காக எழுகிறது, ஆனால் ஓடுவது பழைய கர்னல். இது இன்னும் குழப்பும். முதலில் சந்தேகிக்க வேண்டியது பூட் பார்ட்டிஷன் ஏறியிருந்ததா என்பதை. அது ஏறாத நேரத்தில் மேக் இன்ஸ்டால் அடித்தால் கர்னல் கோப்பு ரூட்டிலுள்ள வெறும் பூட் அடைவுக்குள் விழும். அடுத்த முறை பூட் பார்ட்டிஷன் ஏறியதும் அந்த அடைவு மறைந்துபோகும். ஜென்டூ என்ற விநியோகத்தைப் பயன்படுத்துபவர்களுக்கு இது ரொம்பப் பழக்கமான கதை.

இரண்டாவது சந்தேகம் மிரருக்கே உரியது. யூஇஎஃப்ஐ கணினியில் ஈஎஸ்பி என்ற ஃபேட் பார்ட்டிஷன் ஃபர்ம்வேருக்கு நேரடியாகத் தெரிய வேண்டும் என்பதால் பலர் அதை மிரரில் சேர்ப்பதில்லை. இரண்டு டிஸ்க்கிலும் தனித்தனி ஈஎஸ்பி. ஒன்றில்தான் புதுப் பூட்லோடர், மற்றதில் நிறுவிய நாளில் வைத்ததே இன்னும். ஃபர்ம்வேர் எந்த டிஸ்க்கைத் தேர்ந்தெடுக்கிறதோ அந்தக் காலத்துக்குப் போய்விடுவீர்கள். சிலர் 1.0 வடிவத்தில் ஈஎஸ்பியையே மிரர் ஆக்குவார்கள். அந்த வடிவத்தில் ரெய்டு குறிப்பு பார்ட்டிஷனின் கடைசியில் இருப்பதால் ஃபர்ம்வேருக்குச் சாதாரண ஃபேட் போலவே தெரியும். தந்திரம் நன்றாகவே வேலை செய்கிறது, ஆனால் ஃபர்ம்வேர் அதில் ஏதாவது எழுதிவிட்டால் இரண்டு பாதிகளும் எம்டிக்குத் தெரியாமலேயே வேறுபட்டுவிடும். எனக்கு இரண்டு தனி ஈஎஸ்பி வைத்து, ஒவ்வொரு மாற்றத்துக்கும் பின் ஒன்றிலிருந்து மற்றதற்கு நகலெடுப்பதே பிடிக்கும். பயாஸ் கணினியில் இதற்கு இணை, கிரப்-இன்ஸ்டாலை இரண்டு டிஸ்க்கிலும் ஓட்டுவது. ஒன்றில் மட்டும் ஓட்டிவிட்டு மறந்தால், அந்த டிஸ்க் போகும் நாளில் தரவு பத்திரமாக இருக்கும், கணினி மட்டும் எழாது.

எதுவும் எழாவிட்டால்

பழைய கர்னல் மெனுவில் இருந்தால் அதில் நுழைந்து சரிசெய்யுங்கள். அதனால்தான் புதியது இரண்டு மூன்று முறை நன்றாக எழும்வரை பழையதை அழிக்கக் கூடாது. அதுவும் இல்லையென்றால் லைவ் யூஎஸ்பி, அதாவது நிறுவாமலேயே லினக்ஸை ஓட்டும் பென்டிரைவ். அதில் பூட் செய்து அசெம்பிள், ஸ்கேன் கொடுத்து மிரரைக் கூட்டி, எம்டி சாதனத்தை ஏற்றி, பூட்டையும் ஈஎஸ்பியையும் அதனதன் இடத்தில் ஏற்றி, டெவ், ப்ராக், சிஸ் மூன்று அடைவுகளையும் பைண்ட் செய்து, சிஹெச்ரூட் அடித்தால் உங்கள் சொந்த அமைப்புக்குள் வந்துவிடுவீர்கள். அங்கிருந்து மூட்டையைக் கட்டி, கிரப்பைப் புதுப்பித்து வெளியேறலாம்.

இந்த இடத்தில் கை பரபரக்கும் இரண்டு காரியங்களைச் செய்யாதீர்கள். மிரரின் ஒரு பாதியை மட்டும் நேரடியாக மவுண்ட் செய்ய முயன்றால் 'லினக்ஸ்_ரெய்டு_மெம்பர்' என்று சொல்லி மறுக்கும். வற்புறுத்தி ஏற்றி அதில் எழுதினால் இரண்டு பாதிகளும் வேறு வேறு ஆகிவிடும். மிரர் கூடவில்லையே என்று எம்டிஆட்ம் கிரியேட் கட்டளையை அடிப்பது அதைவிட மோசம். அது புதுக் குறிப்பை எழுதிப் பழையதை மூடிவிடும். எந்தப் பாதி புதியது என்று சந்தேகம் இருந்தால் இரண்டு பார்ட்டிஷனிலும் எம்டிஆட்மை எக்ஸாமின் விருப்பத்தோடு ஓட்டி 'ஈவென்ட்ஸ்' எண்ணை ஒப்பிடுங்கள். பெரிய எண் உள்ளதே அண்மையில் எழுதப்பட்டது.

எல்லாம் சரியான பிறகு ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. கணினியை அணைத்து, முதல் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டு, இரண்டாவதில் மட்டும் பூட் ஆகிறதா என்று பாருங்கள். முதல் முறை கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுத்தான் ஒற்றை டிஸ்க்கோடு எழும், பதற வேண்டாம். எழுந்ததும் அணைத்து, கேபிளை மாட்டி, மறுபடி எழுப்பி, விலகிப்போன பார்ட்டிஷனை எம்டிஆட்மின் ஆட் விருப்பத்தால் மிரரில் சேருங்கள். எம்டிஸ்டாட்டில் ரிகவரி சதவீதம் ஏறிக்கொண்டே வரும். அது முடிந்து இரண்டு யூவும் வரும்வரை அடுத்த டிஸ்க்கின் கேபிளைத் தொடக் கூடாது. முடிந்ததும் அதே சோதனையை மறுபக்கமும் செய்யுங்கள்.